எந்தக் கொட்டை முளைச்சது

சப்பாத்தைக் கழட்ட வேண்டாம் பிள்ளை, இது கண்ணாடி வீடு, நிலம் முழுக்க ஈரம். ஜாக்கெட்டை மட்டும் கழட்டி அந்த ஆணியில கொழுவும். இப்ப வேர்க்கத் துடங்கும் பாரும். வெளியில பனி கொட்டுது, உள்ளுக்க நான் வெறும் பெனியனோட நிக்கிறன். இந்த ஊரில என்னைப் பற்றிக் கேட்டா விசரன் எண்டு சொல்லுவினம். கேக்காட்டிலும் சொல்லுறவை.

அப்ப நீர்தான் ஹெல்த் சென்ரருக்குப் புதுசா வந்திருக்கிற தமிழ் நேர்ஸ். கடையில காசு வாங்கிற மனிசி போன கிழமையே சொன்னவ, உங்கட ஆக்கள் ஒராள் வந்திருக்கு, போய்க் கதை எண்டு. நான் வரேல்லை. ஏன் வருவான்? வாறவை தாங்களா வரவேணும். நான் ஆரையும் எதிர்பாத்துக்கொண்டு இருக்கிற ஆளில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சிருக்கிறன், நீர் வருவீர் எண்டு நினைச்சில்லை, சும்மா வைச்சனான். ரெண்டு கோப்பை கழுவினதும் சும்மாதான்.

சாருகாவோ? நல்ல பேர். ஒஸ்லோவில பிறந்த பிள்ளை, ஆனாத் தமிழ் வடிவா விளங்குது. விளங்கினாக் காணும். கதைக்கிறதை நான் பாத்துக்கொள்ளுவன்.

கறிவேப்பிலைக்கோ வந்தனீர்? அந்த மூலையில நிக்குது, போகேக்க ஒடிச்சுக்கொண்டு போம். முந்தியெண்டா சனம் அதுக்குத்தான் வாறது. கறிவேப்பிலை, வாழையிலை. பிள்ளைக்குப் பிறந்தநாள், அங்கிள் பத்து இலை தாங்கோ எண்டு வருவினம், வாசல்ல நிண்டு வேண்டிக்கொண்டு போவினம். மீன் கொம்பனியில பாதிப்பேர் எங்கட ஆக்களா இருந்த காலம் அது. பேந்து ஒவ்வொரு குடும்பமாக் கழண்டுது. பிள்ளையளின்ர படிப்பு எண்டினம், கோயில் இல்லை எண்டினம், ரெண்டு மாதம் சூரியன் வராத ஊரில என்னெண்டு இருக்கிறது எண்டினம். எல்லாரும் தெற்கால போட்டினம். கடைசியா என்ர கூட்டாளி அருளம்பலம் போனான். போகேக்க எயார்போட்டுக்கு என்ர காரிலதான் ஏத்திக்கொண்டு போனனான். வழி நெடுக என்னையும் வா எண்டு அரியண்டம். நான் சொன்னன், எனக்கு இஞ்ச ஒரு வழக்கு இருக்கு, அது தீராமல் நான் வரேலாது எண்டு. சிரிச்சான். விசர் அவனுக்கு.

அம்மா எந்த இடம்?

சாவகச்சேரியோ.

சாவகச்சேரி எண்டா, ரவுணோ, அங்கால உள்ளுக்கோ? மீசாலைப் பக்கமோ. சரி. நீர் அங்க போயிருக்கிறீரோ? பள்ளிக்கூட லீவுக்குப் போனனீர். எந்த மாதம்? இஞ்சத்தைய லீவெண்டா ஆனி, ஆடி. மாம்பழக் காலம். கொஞ்சம் பொறும், கொஞ்சம் பொறும். அந்தக் கதிரையில இரும். உது என்ர மனிசி தவமணியின்ர கதிரைதான், பரவாயில்லை இரும். மாம்பழம் சாப்பிட்டனீரோ அங்க? கறுத்தக்கொழும்பான்? பேர் தெரிஞ்சு சாப்பிட்டனீரோ, சும்மா மாம்பழம் எண்டு சாப்பிட்டனீரோ?

பேர் தெரியும். அம்மம்மா வளவில மரம் நிண்டது. உச்சியில கல்லெறிஞ்சு விழுத்தினது.

பிள்ளை, நீர் கறிவேப்பிலைக்கு வந்த ஆளில்லை. என்னத்துக்கு வந்தனீர் எண்டு உமக்கே தெரியாது. இரும், தேத்தண்ணி ஊத்துறன், சீனி எவ்வளவு?

அந்தா, அதுதான் மரம். பெரிய பீப்பாயில நிக்குது, கொம்பனியில மீன் உப்புப் போடுற பீப்பாய். கூரைக்கு மேல வளர விடுறேல்லை, வெட்டி வெட்டி விடுவன். இடப்பக்கக் கொப்பில ரெண்டு தொங்குது பாத்தீரோ? சின்னது இன்னும் முத்தேல்லை. பெரியதைத் தொட்டுப் பாரும். மெதுவா. மெத்தெண்டு இருக்கோ? தோல் பச்சை, ஆனாப் பழம். விளங்குதோ? பச்சையாவே பழுக்கும். அது தவமணியின்ர பக்கத்துக்கு ஒரு சாட்சி. ஆனாக் கடையில வாற வெளிநாட்டு மாம்பழத்திலயும் பச்சையாவே பழுக்கிற சாதி இருக்கு. அது என்ர பக்கம்.

வழக்கு என்ன எண்டு சொல்லுறன்.

தவமணியும் நானும் ஒருக்கா ஒஸ்லோவுக்குக் கோயில் திருவிழாவுக்குப் போனம். வாகீசன், எங்கட மகன், அப்ப சின்னப் பெடியன். அங்க யாழ்ப்பாணத்தில இருந்து வந்த ஒரு மனிசி ஒரு கறுத்தக்கொழும்பான் பழம் குடுத்தவ. தவமணி அதைச் சாப்பிட்டுக் கொட்டையை நக்கி, துடைச்சு, கறுத்த நூல் ஒண்டு கட்டி, ஈரத்துணியில சுத்திக் கைப்பையில வைச்சா. இது மட்டும் சரி. ஆனா அண்டைக்குப் பின்னேரமே பாகிஸ்தான் கடையில ஒரு மாம்பழம் வேண்டினவ. அதின்ர கொட்டையும் அதே துணிக்குள்ள. ஏனெண்டு கேட்டன். இருக்கட்டுமே எண்டா. வீட்டை வந்து பையைத் திறந்தா, நூல் கழண்டு கிடக்குது. நான் என்ர கண்ணால கண்டனான். அவ சொல்லுவா, நூல் கழண்டது கொட்டையை வெளியில எடுத்த பிறகுதான், எது எது எண்டு எனக்கு வடிவாத் தெரியும் எண்டு. ரெண்டையும் நட்டா. ஒண்டு அழுகிப்போச்சு. ஒண்டு முளைச்சுது.

எந்தக் கொட்டை முளைச்சது? அதுதான் வழக்கு.

நான் சொன்னன், இது பாகிஸ்தான் கடைச் சரக்கு. அவ சொன்னா, இது கறுத்தக்கொழும்பான். சாப்பாட்டு மேசையில இதே கதை. கொம்பனியில மீன் வெட்டிக்கொண்டு நிக்கேக்க இதே கதை, பெல்ட்டில அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வெள்ளைக்காரர் என்னவோ குடும்பப் பிரச்சினை எண்டு பாப்பினம். விதையில முளைச்ச கண்டு தாயைப்போலக் காய்க்காது எண்டும் சொன்னன். கேக்கேல்லை. சரி, காய்க்கட்டும், அப்ப வாயில வைச்சுத் தீர்ப்பம் எண்டு விட்டம்.

காய்ச்சாத்தானே. பூக்கும், கொட்டும். பூக்கும், கொட்டும். அவ அதுக்கு லைற் வைச்சு, சூடு வைச்சு, என்னோட பேசாத நாளிலயும் அதோட பேசி, ஒண்டும் நடக்கேல்லை. பேந்து அவவுக்குச் சுகமில்லாமல் வந்துது. ஹெலிகொப்டரில பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்க, காத்துச் சரியான காத்து, ஏத்திற நேரம் என்ர கையைப் பிடிச்சு என்ன சொன்னவ எண்டு நினைக்கிறீர்? மரத்துக்கு லைற்றைப் போட்டு விடுங்கோ, கறுத்தக்கொழும்பான் இருட்டுத் தாங்காது எண்டா. பாகிஸ்தான் மாம்பழமும் தாங்காது எண்டு நான் சொன்னன். சிரிச்சவ. அதுக்குப் பிறகு நாங்கள் கதைக்கக் கிடைக்கேல்லை.

குடியும் தேத்தண்ணியை. ஆறுது.

அஸ்தியை நானும் வாகீசனும் காசிக்குக் கொண்டு போனம். கயாவுக்கும் போகவேணும் எண்டார் ஐயர். அங்க ஒரு ஆலமரத்தடியில ஒரு வழக்கம் இருக்கு, உமக்குத் தெரியுமோ தெரியாது. பிதிர்க் கடன் முடிச்ச பிறகு, விருப்பமான ஒரு பழத்தை விடவேணும். விட்டா விட்டதுதான், சாகுமட்டும் வாயில வைக்கக்கூடாது. அதைத் தொட்டாச் செய்த புண்ணியம் ஒண்டும் செத்தவைக்குப் போய்ச் சேராது. சனம் அதில செய்யிற கள்ளத்தைக் கேட்டீரெண்டா. அருளம்பலம் முந்தி அங்க போகேக்க அப்பிள் விட்டவன். அவனுக்குப் பல்லில்லை, அப்பிள் எங்க கடிக்கிறது? வாகீசன் துரியன் எண்டான். அவன் துரியனைக் கண்ணாலயும் கண்டதில்லை. நான் அப்பிடிக் கள்ளம் செய்யிற ஆளில்லை. நான் நேர்மையா மாம்பழம் எண்டன்.

இல்லை, யோசிச்சுத்தான் சொன்னனான். வாழைப்பழம் விடேலாது, காலமையில எனக்கு அது இல்லாட்டிச் சரிவராது. தோடம்பழம் விடேலாது, குளிர்காலத்தில டொக்டர் சாப்பிடச் சொல்லுறவர். இந்த வடக்கில நல்ல மாம்பழம் எங்க வருது? வாறதெல்லாம் கட்டை. ஆனபடியா மாம்பழத்தை விட்டன். விருப்பமான பழம்தானே. விருப்பமில்லை எண்டு ஆர் சொன்னது?

அடுத்த வருசம் மரம் காய்ச்சுது.

சிரியும், சிரியும். சிரிக்க வேண்டிய விசயம்தான். எப்பிடிக் காய்ச்சுது எண்டு கேளும், அது என்ர மூளை. மாம்பூவுக்குத் தேனீ கணக்கில்லை, சும்மா ஈ, இலையான்தான் வேணும். இஞ்ச இலையானுக்கு எங்க போறது? கொம்பனியில போய் நாலு கொட் மீன் தலை கேட்டு வேண்டிக்கொண்டு வந்து, பூத்து நிக்கேக்க கொப்புக் கொப்பாக் கட்டித் தூக்கினன். ஒரு கிழமையில இலையான் மொய்ச்சுது பாரும். மணத்துக்குப் பக்கத்து வீட்டுக் குன்வோர் கிழவி கொமினுக்கு, அதுதான் இஞ்சத்தைய நகரசபைக்கு, முறைப்பாடு எழுதப் போறன் எண்டு நிண்டவ. பிஞ்சு பிடிச்சுது. சின்ன நகமளவு, பேந்து பெருவிரலளவு. அண்டைக்கு நான் இதில நிண்டு தவமணி, தவமணி எண்டு கூப்பிட்டன். பழக்கதோசம்.

பிள்ளை, பாரும் என்ர நிலைமையை. இவ்வளவு காலம் நடந்த வழக்கு. பழம் கையில கிடக்குது. வாயில ஒரு துண்டு வைச்சாத் தீர்ந்திடும். வைக்கேலாது. அவவுக்காக விட்டதை அவவின்ர மரத்திலயே பிடுங்கித் திண்டா, அவ அங்க என்ன நினைப்பா? கையில சாறு பட்டாலும் நக்கிறேல்லை நான். போய்க் கழுவிப்போட்டுத்தான் மற்ற வேலை.

அப்ப வேற வாய் வேணும். எங்க வாய்? குன்வோருக்குக் குடுத்தன், சமாதானமும் ஆச்சு எண்டு. நல்லம் எண்டா. அவ கொட் மீனுக்கும் அதைத்தான் சொல்லுறவ. பள்ளிக்கூடப் பிள்ளையள் வருசத்துக்கு ஒருக்கா வாழையைப் பாக்க வருங்கள், அதுகளுக்குக் குடுத்தன், ஐஸ்கிரீம் போல இருக்கு எண்டுதுகள். அருளம்பலத்துக்குத் தபாலில அனுப்பினன், பஞ்சு வைச்சுச் சுத்தி. அந்த மடையன் தபால் கந்தோரில போய் எடுக்காமல் கிடக்கவிட்டு, திறக்கேக்க கூழ். போனில சொல்லுறான், மணம் எண்டா அந்த மாதிரி, கறுத்தக்கொழும்பான் மாதிரித்தான் எண்டு. மணத்தை வைச்சு ஆரும் தீர்ப்புச் சொல்லுவினமோ?

வாகீசன் போன வருசம் வந்தவன். ரெண்டு நாள் நிண்டான், கையில போன். வெட்டிக் குடுத்தன். நல்லாயிருக்கப்பா எண்டான். என்னடா நல்லாயிருக்கு, நார் இருக்கோ, அடித்தொண்டையில ஒரு புளிப்பு வருதோ எண்டு கேட்டா, இனிக்குதப்பா எண்டான். அவனைப் பிழை சொல்லேலாது, அவனுக்கு அந்தப் பழம் தெரியாது. பேந்து வழக்கமான பாட்டு. ஒஸ்லோவில ஒரு அறை சும்மா கிடக்கு, வாங்கோ. மரத்தை என்ன செய்யிறது எண்டன். விடுங்கோவன் எண்டான். அப்ப அம்மாவோட கிடக்கிற வழக்கை ஆர் பாக்கிறது எண்டு கேட்டன். என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டு, அப்பா, உங்களுக்கு இஞ்ச கதைக்க ஒருத்தரும் இல்லை எண்டான். பேய்க்கதை. நான் காலமை எழும்பினா இதுக்குள்ளதான். நூல் எப்ப கழண்டது எண்டு துடங்கினமெண்டா, மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போகும். இருட்டுக் காலத்திலதான் இன்னும் கூட. அப்ப வெளியில ஒரு சத்தமும் இருக்காது, சில கிழமை போனும் அடிக்காது. அப்ப நானும் அவவும் பிடிக்கிற சண்டைதான் சத்தம். அதில்லாட்டி எனக்குப் பயமாத்தான் இருக்கும், ஏன் பொய் சொல்லுவான்.

நீ சும்மா இரு, நான் பிள்ளைக்கு எல்லாம் நடுநிலையாத்தான் சொல்லியிருக்கிறன்.

உமக்கில்லை. அவவுக்குச் சொன்னனான்.

சரி. இனிக் கடத்தக்கூடாது. நாளைக்கு எண்டா இது பதம் தப்பிப்போம். எழும்பி வாரும், உம்மட கையாலயே பிடுங்கும். காம்போட திருகி எடும். பால் வடியும், முகத்தில படாமல். ஆ, சரி. தாரும், கழுவிப்போட்டு வெட்டுறன்.

கன்னத்தை வெட்டுறன் பாரும், கொட்டைக்குத் தள்ளித்தான் கத்தி போகுது. பிறகு நான் பிழையா வெட்டினன் எண்டு ஆரும் சொல்லக்கூடாது. நிறம் பாத்தீரோ, நல்ல செம்மஞ்சள். நான் வாயைத் திறக்கேல்லை, உம்மட முடிவு உம்மட முடிவு. கறுத்தக்கொழும்பானுக்கு நார் இல்லை. அது அவவே நெடுகச் சொல்லுறது, கத்தி வைச்சா வெண்ணெய் போலப் போகும், நார் எண்ட பேச்சுக்கே இடமில்லை எண்டு. அதை மட்டும் மனசில வைச்சுக்கொள்ளும். தேத்தண்ணி குடிச்ச வாய், கொஞ்சம் தண்ணி குடியும். இப்ப சாப்பிடும்.

மெதுவா.

அம்மம்மா வளவை நினைச்சுச் சாப்பிடும். இல்லை, நினைக்காதையும், நினைச்சா எல்லாம் அதுபோலத்தான் இருக்கும். சும்மா சாப்பிடும்.

மற்றத் துண்டையும் எடும்.

என்ன?

அதேதான் எண்டுறீரோ. வடிவா யோசிச்சுச் சொல்லும், எனக்காகச் சொல்ல வேண்டாம். அம்மம்மா வளவில சாப்பிட்டது இதுதான். நார் இல்லை. சத்தியமா இல்லை.

சரி.

அப்ப தவமணி சொன்னதுதான் சரி. கறுத்தக்கொழும்பான். நூல் பிறகுதான் கழண்டது.

இல்லைப் பிள்ளை, எனக்கு ஒண்டும் இல்லை. நீர் சாப்பிடும். கொஞ்சம் இருக்கிறன், அவ்வளவுதான். அவ வெண்டிட்டா, சந்தோசம்தானே. அவவின்ர கண்டு, அவவின்ர பாடு. இப்பிடி ஒரு நாள் வரும் எண்டுதானே இவ்வளவு மினக்கெட்டது. ஆனா நான் இதுக்கங்கால என்ன எண்டு யோசிக்கேல்லை. தீர்ப்பு வந்த பிறகு வழக்காடினவை என்ன செய்யிறவை? வீட்டை போறவை. நான் எங்க போறது? நாளைக்குக் காலமை எழும்பி இதுக்குள்ள வந்து, என்னெண்டு துடங்கிறது? நீ சொன்னது சரி எண்டு சொல்லலாம். ஒருக்காச் சொல்லலாம். பிறகு? அதுக்கு மறுமொழி சொல்ல அவவிட்ட என்ன இருக்கு? சூரியன் போறதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு பிள்ளை. இந்த முறை இருட்டுக்க நான் உண்மையிலயே தனிச்சுப் போவன் போல கிடக்கு.

நன்றி எல்லாம் என்னத்துக்கு. நீர்தான் எனக்கு உதவி செய்திருக்கிறீர். கறிவேப்பிலை ஒடிச்சுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரம் எண்டா...

நில்லும்.

சிரியும் ஒருக்கா. சிரியும் எண்டுறன். அந்த மேல் பல்லு, வலப்பக்கம். என்ன அது? நாக்கால தடவாதையும், போயிடும். கையால பிடிச்சு இழும். இழும், வெக்கப்படாமல், நான் பாக்கேல்லை. இஞ்ச தாரும். லைற்றுக்குக் கீழ பிடிப்பம்.

நார்.

பிள்ளை, இது நார்.

ஒண்டே ஒண்டுதானோ? ஒண்டு காணாதோ? நார் எண்ட பேச்சுக்கே இடமில்லை எண்டு சொன்னது ஆர், நானோ? அப்ப நீர் சொன்னது பிழை. பிழையெண்டு சொல்லேல்லை, நல்ல பிள்ளை நீர், உமக்குச் சின்ன வயசு, எப்பவோ சாப்பிட்டது. அம்மம்மா வீட்டில எல்லாம் ருசிதான். ஆனாச் சாட்சி இந்தா என்ர விரல்ல கிடக்கு. இது தீரேல்லை. எங்க தீர்ந்தது? மற்றப் பழம் பழுக்கட்டும், நான் ஆளனுப்பிறன், நீர் வந்து இன்னொருக்காச் சாப்பிடும். கட்டாயம் வரவேணும். இப்ப நீர் போட்டு வாரும் பிள்ளை, கறிவேப்பிலையை வேண்டியமட்டும் ஒடியும், வெளிக்கதவை இறுக்கிச் சாத்திவிடும், சூடு போயிடும்.

தவமணி, இஞ்ச வந்து பார். நான் கொட்டைக்குக் கிட்ட வெட்டினன், அதாலதான் நார் வந்தது எண்டு சொல்லப்போறாய், எனக்குத் தெரியும். எவ்வளவு தள்ளி வெட்டினனான் எண்டு அந்தப் பிள்ளையைக் கேள். வா, இரு. நூல் கழண்டதில இருந்து துடங்குவம்.